மேல்தெருவில் ஒரு காலிப் பக்கம்

ஜெர்மனியில் முதல் நாள் என் முன்னால் வந்த கேக்குகள் மொத்தம் ஐந்து. நான் தின்றது சைபர்.

அன்றைக்கு ஐந்து பண்ணை வீடுகளுக்குப் போயிருந்தோம். ஐந்து வீட்டிலும் வீட்டுக்கார அம்மாள் தட்டோடு வந்து, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். கோவில்பட்டியில் பிறந்து வளர்ந்த லட்சணத்துக்கு நானும், "ஐயோ, வேண்டாங்க, இப்பதான் சாப்பிட்டேன்" என்றேன். எங்கள் ஊரில் இதற்கு அர்த்தம், இன்னொரு தடவை கேளுங்கள் என்பது. இரண்டாம் தடவை கேட்டால் "துளியூண்டு வைங்க" என்போம். மூன்றாம் தடவைக்குள் தட்டு மடிக்கு வந்துவிடும். இங்கே அந்த அம்மாள் "அப்படியா, சரி" என்றார். தட்டு உள்ளே போய்விட்டது. ஆப்பிள் கேக், பிளம்ஸ் கேக், பாலாடைக்கட்டி கேக் என்று ஒவ்வொன்றும் என் கண் முன்னால் வந்து, கண் முன்னாலேயே திரும்பிப் போயிற்று.

எனக்கு மொழிபெயர்க்க வந்திருந்த கலா அக்கா மட்டும் எல்லா வீட்டிலும் முதல் கேள்விக்கே தலையாட்டிவிட்டு, நிதானமாக முள்கரண்டியால் வெட்டி வெட்டிச் சாப்பிட்டார். என் "வேண்டாங்க"வை மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் மொழிபெயர்த்தார். மகராசி.

சாயங்காலம் அவர் வீட்டில் புட்டும் சொதியும் வைத்தபோது நான் பாய்ந்த பாய்ச்சலைப் பார்த்துத்தான் அவருக்கு விஷயம் புரிந்தது.

"டீச்சர், உங்களுக்குச் சீனி வருத்தமாக்கும் எண்டு நினைச்சன். பாவம், அதைப் பற்றிக் கதைக்கக்கூடாது எண்டு பேசாமல் இருந்திட்டன்."

"எனக்கு இருக்கிறது பசி வருத்தம் அக்கா."

அவர் சிரித்த சிரிப்பில் சொதி தட்டில் சிந்தியது. "இஞ்சை ஒருக்கா வேண்டாம் எண்டால் வேண்டாம்தான். ரெண்டாந்தரம் கேட்டால் அது மரியாதையில்லை. நானும் வந்த புதுசில பட்டினி கிடந்துதான் இதைப் படிச்சனான்."

நான் எதற்கு இங்கே வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் பாடம் நடத்துவது என் பிழைப்பு. விடுமுறை நாட்களில் எங்கள் தாலுகாவின் புஞ்சைப் பெயர்களை நோட்டில் எழுதித் திரிவது என் பைத்தியம். இதே பைத்தியம் பிடித்த சிலர் ஜெர்மனியிலும் இருந்தார்கள். ஸ்டுட்கார்ட்டுக்குத் தெற்கே ஒரு மலைமேட்டில், ஒரே சர்ச்சுக்கு உட்பட்ட மூன்று சிற்றூர்களில், வயல்களின் பெயர்களையும் பழைய பண்ணை வீடுகளையும் பதிவு செய்து புத்தகமாகப் போடுகிறார்கள். நீங்கள் எப்படிச் செய்கிறீர்கள் என்று ஒரு வாரம் வந்து பாருங்கள், சொல்லுங்கள் என்று அழைத்தார்கள். ஊர்ப் பெயரை நான் எழுதவில்லை. அவர்கள் புத்தகம் வருவதற்கு முன் நான் வெளியிட்டால் வால்டருக்குக் கோபம் வரும்.

வால்டர்தான் இந்தக் குழுவின் தலைவர். ஓய்வுபெற்ற நில அளவைக்காரர். சட்டைப்பையில் அளவுநாடா, இன்னொரு பையில் மாற்று அளவுநாடா. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம், அதில் இருபத்திரண்டு கட்டம். கூரைச் சரிவு, உத்தரத்தின் மரம், அறைகளின் பெயர் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் உண்டு. வெள்ளிக்கிழமை சாயங்காலம் எல்லாப் படிவங்களும் சர்ச் கூடத்துக்கு வந்துவிட வேண்டும், அப்புறம் அச்சு.

கலா அக்காவும் இந்தக் குழுவில் ஒருவர். யாழ்ப்பாணம் உரும்பிராயிலிருந்து முப்பத்தாறு வருஷத்துக்கு முன்பு இங்கே வந்தவர். முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. ஜெர்மன்காரர்களே சேரத் தயங்கும் இந்தக் குழுவில் எப்படிச் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன். "எங்கடை ஊரில ஒவ்வொரு காணித்துண்டுக்கும் உறுதிப் பத்திரத்தில பேர் இருக்கு. அப்பா வேலிச் சண்டைக்கெண்டு கோட்டுக்குப் போகேக்கை எல்லாப் பேரும் எனக்குப் பாடம். வால்டர் ஒருநாள் உந்த வயல்பேருகளைப் பற்றிக் கதைக்க, நானும் வாறன் எண்டன்" என்றார்.

செவ்வாய்க்கிழமை வயல்கள். அக்காவின் கார் பழுதுபார்க்கப் போயிருந்ததால், கூப்பிட்டால் வரும் பஸ்ஸை நம்பியிருந்தோம். ஒரு மணி நேரம் முன்பே போன் செய்தால் சின்ன பஸ் ஒன்று சொன்ன இடத்துக்கு, சொன்ன நிமிஷத்துக்கு வரும். வந்தது. அக்காவும் நானும் ஏறினோம். மூன்றாவதாக வால்டர் காலெடுத்து வைத்ததும் ஓட்டுநர் கையை நீட்டித் தடுத்தார். "பதிவு இரண்டு பேருக்கு." உள்ளே ஆறு இருக்கை காலியாக இருந்தது.

எங்கள் ஊர் மினிபஸ்ஸாக இருந்தால் இந்நேரம் ஓட்டுநர் மடியிலும் ஒருவரை உட்கார்த்தி வைத்திருப்பார்கள். நான் சண்டைக்குத் தயாரானேன். ஆனால் வால்டர், "அவர் சொல்வது சரி" என்று ஓட்டுநரைப் பாராட்டிவிட்டு, மூன்று கிலோமீட்டர் நடந்தே வந்து சேர்ந்தார். வந்தவர் முகத்தில் அப்படி ஒரு திருப்தி!

வயல் பெயர்கள் நன்றாக இருந்தன. ஓநாய்க்குழி, தூக்குமரமேடு, பசிக்காடு. பசிக்காடு என்ற பெயரை அக்கா மொழிபெயர்த்ததும் நான் எங்கள் பக்கத்துப் "பட்டினிப் புஞ்சை"யைச் சொன்னேன். இரண்டும் ஒன்றும் விளையாத மேட்டு நிலம். வால்டருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, என் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். அன்று மதியம் ஒரு வீட்டில், கறியும் கீரையும் அடைத்த மாவுப் பொட்டலங்களைச் சூப்பில் போட்டுக் கொடுத்தார்கள். சாப்பிடுகிறீர்களா என்று முடிக்கும் முன்பே சரி என்றேன். நல்ல ருசி. நம் கொழுக்கட்டை குளத்தில் விழுந்தால் இப்படித்தான் இருக்கும்.

புதன்கிழமை மேல்தெரு. அது அக்காவின் பொறுப்பில் இருந்த தெரு. அக்கா குடியிருக்கும் ஊரிலிருந்து நாலு கிலோமீட்டர், மூன்று சிற்றூர்களில் கடைசி. அந்தத் தெருவில் நாலு குடும்பத்துக்கு மயர் என்று பெயர். மயர் என்று கூப்பிட்டால் நாலு ஜன்னல் திறக்கும். அதனால் யாரும் குடும்பப் பெயரால் பேசுவதில்லை, வீட்டுப் பெயர்தான். சக்கரக்காரர் வீடு, கிணற்றடி வீடு என்று. எங்கள் தெருவில் டீக்கடை ராமசாமி, புரோட்டா ராமசாமி, கோர்ட்டுக்குப் போன ராமசாமி என்று இருப்பதைச் சொன்னேன். கோர்ட்டுக்குப் போனவர் ஜெயித்தாரா என்று கிணற்றடி வீட்டு அம்மாள் கவலையோடு கேட்டார்.

சாயங்காலம் அக்கா தன் கோப்பைப் புரட்டிக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் அவருடைய குண்டு குண்டான கையெழுத்து. நடுவில் ஒரு பக்கம் காலி.

"இது என்னக்கா, விட்டுப்போச்சா?"

"அது ஹெர் மயர், ஆல்பெர்ட் மயரின்ரை வீடு. ரெண்டு வருசத்துக்கு முன்னம் வால்டர் போய்க் கேட்டவர். அவர் இல்லை எண்டு சொல்லீட்டார். இனி அந்தப் பக்கம் உப்பிடியேதான் அச்சில வரும். வீட்டுக்காரர் விரும்பேல்லை எண்டு கீழை ஒரு வரி போடுவினம்."

"போனா போகுது, அப்புறமா ஒருநாள் எழுதிக்கிடலாம்லா?"

"அப்புறம் எங்கை? வித்துப்போட்டார். அடுத்த கிழமை இடிக்கினம். அவர் முதியோர் இல்லத்துக்குப் போறார்."

பிறகுதான் மெல்ல மெல்ல வெளியே வந்தது. அகதியாக வந்திறங்கிய அக்காவுக்கும் அவர் கணவருக்கும் வாடகைக்கு இடம் கொடுத்த ஒரே ஆள் இந்த ஆல்பெர்ட் மயர். மாடியில் ஒரு அறையில் நாலு வருஷம் இருந்திருக்கிறார்கள். மகள் பிறந்ததும் அங்கேதான். மயரின் மனைவி லீனாதான் பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி பின்னியது, அக்காவுக்கு ஜெர்மன் பேசப் பழக்கியது. லீனா இரண்டு வருஷத்துக்கு முன்பு இறந்துபோனார்.

"தெருவில உள்ள எல்லா வீட்டையும் எழுதினன். எனக்குச் சோறு போட்ட வீட்டை எழுதேல்லை" என்று சொல்லிக் கோப்பை மூடினார். எனக்கும் மனசு கேட்கவில்லை.

"நீங்க போய்க் கேக்கலாமே அக்கா?"

"என்ன கதைக்கிறியள்? ஒரு மனுசன் இல்லை எண்டு சொன்னாப் பிறகு திரும்பப் போய்க் கேக்கிறதே?"

வியாழக்கிழமை விட்டுப்போன அளவு ஒன்றை எடுக்க மறுபடி மேல்தெருவுக்குப் போனோம். வேலை சீக்கிரமே முடிந்துவிட்டது. பஸ் பதிவு செய்த நேரத்துக்குத்தான் வரும், இன்னும் ஒரு மணி நேரம் கிடக்கிறது. நிறுத்தத்தில் கூரை கிடையாது. சரியாக அப்போது பிடித்தது மழை. மழைகூட இல்லை, ஆலங்கட்டி. ஏப்ரல் மாதத்தில் கோவில்பட்டியில் தார்ரோடு உருகும், இங்கே வானம் கல்லால் அடிக்கிறது.

எதிரே ஒரு பெரிய பழைய வீடு. ஒரு பாதி குடியிருக்க, மறு பாதி மாட்டுக்கு, எல்லாம் ஒரே கூரையின் கீழ். கதவில் ஏதோ அரசாங்கக் காகிதம் ஒட்டியிருந்தது. ஜன்னலில் ஒரு கிழவர் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, இதுதானே அந்த வீடு?"

"ஓம். அங்கை பாக்காதேங்கோ."

"வாங்க, கேப்போம்."

"உங்களுக்கு விசரே? டெர்மின் இல்லாமல் ஒரு வீட்டுக் கதவைத் தட்டுறதே?"

ஆலங்கட்டி என் மண்டையில் ஒன்று வைத்தது. முன்கூட்டியே நேரம் வாங்கி வைப்பதற்குத்தான் அங்கே டெர்மின் என்று பெயர். டெர்மினாவது ஒன்றாவது! நான் விறுவிறுவென்று தெருவைக் கடந்து கதவைத் தட்டிவிட்டேன். அக்கா "ஐயோ கடவுளே" என்று பின்னால் ஓடி வந்தார்.

கிழவர் கதவைத் திறந்தார். நீல நிற வேலை உடுப்பு, எண்பதைத் தாண்டிய நெடிய உருவம். என்னைப் பார்க்கவில்லை. "கலா" என்றார், அவ்வளவுதான்.

அக்கா தரையைப் பார்த்தபடி, நான் யார், எங்கிருந்து வந்திருக்கிறேன், வீட்டைப் பார்க்க ஆசைப்படுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். கிழவர் "நைன்" என்றார். இல்லை என்று அர்த்தம், அது எனக்கே புரிந்தது. அக்கா மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்பி ஒரு படி இறங்கியும்விட்டார்.

நான் இறங்கவில்லை. "ஏன்னு கேளுங்கக்கா."

"ஏனெண்டு கேக்க ஏலாது! இறங்குங்கோ."

"நீங்க கேக்கலேன்னா நான் தமிழ்லயே கேப்பேன்." கேட்கவும் செய்தேன். "ஐயா, வீடு அம்புட்டு லட்சணமா இருக்கு. உள்ள ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போயிருதோம்."

கிழவர் அக்காவைப் பார்த்தார். அக்கா காதெல்லாம் சிவக்க மொழிபெயர்த்தார். அவர் தலையை ஆட்டி, இந்தத் தடவை கொஞ்சம் நீளமாகவே ஏதோ சொன்னார்.

"இல்லையாம். உள்ளுக்கை பெட்டியும் குப்பையுமாக் கிடக்காம். தரை துடைக்கேல்லையாம். இனிப் போதுந்தானே? வாங்கோ, போவம்."

எனக்கு மழையிலும் குளிர் விட்டுப்போயிற்று. எங்கள் ஊர்ப் பக்கம் அறுபது வீட்டு வாசலில் இதே பேச்சைக் கேட்டிருக்கிறேன். வீடு குப்பையாக் கெடக்குதே என்று ஒரு ஆள் சொன்னால், செருப்பை எங்கே கழற்றலாம் என்று பார்க்க வேண்டிய நேரம் அது. "ஐயா, எங்க வீட்டை வந்து பாருங்க, இதைவிடக் குப்பை" என்றேன். அக்கா அதையும் சொன்னார், என்னைக் கொல்லப்போகிற முகத்தோடு.

கிழவர் கதவை அகலத் திறந்து, காலணியைக் கழற்றிவிட்டு வரச் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும் முன்பே நான் கழற்றிக் கையில் வைத்திருந்தேன்.

உள்ளே எங்கே குப்பை? பெட்டிகள் சுவரோரம் வரிசையாக இருந்தன, தரை பளபளத்தது. கிழவர் காபி போட்டார், ஒரு டப்பாவிலிருந்து பிஸ்கட் எடுத்து வைத்தார். நான் கேட்கக் காத்திருக்கவில்லை, எடுத்துக் கடித்தேன்.

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசினார், அக்கா எனக்குச் சொன்னார். லீனாவைப் புதைத்து மூன்றாம் வாரம் வால்டர் வந்திருக்கிறார். தொட்டியில் ஒரு வாரத்துப் பாத்திரம், மூலையில் துவைக்காத துணி. லீனாவின் வீட்டை அந்தக் கோலத்தில் ஒருவருக்கும் காட்ட இவருக்கு மனமில்லை. அதனால் இல்லை என்று சொன்னாராம். அன்றைக்கு இல்லை என்று.

"அடுத்த நாளே பாத்திரமெல்லாம் கழுவிப்போட்டாராம் டீச்சர். தரையும் துடைச்சு வைச்சாராம். ரெண்டு வருசமா..." அக்கா நிறுத்தினார். "ரெண்டு வருசமா ஒருத்தரும் திரும்ப வந்து கேக்கேல்லையாம்."

காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அக்கா அழுதார். "நானாவது கேட்டிருக்க வேணும். அவையள் கேக்கமாட்டினம், அது அவையின்ரை பழக்கம். நான் ஆர்? நானும் எல்லே கேக்காமல் இருந்திட்டன்!" கிழவர் பிஸ்கட் டப்பாவை அக்கா பக்கம் நகர்த்தினார். வேறு என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

வால்டருக்குப் போன் போட்டோம். கால் மணி நேரத்தில் நனைந்த கோழியாக வந்து வாசலில் நின்றார். குடையை மறந்திருக்கிறார், அளவுநாடா இரண்டையும் மறக்கவில்லை. "இரண்டு வருஷம் தாமதம்" என்றார் மயர். வால்டர் பாவம், பழக்க தோஷத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அப்புறம் வேலை பறந்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தார். வீட்டின் பெயர் கடைசி வீடு. அதற்கப்புறம் இப்போது ஏழு வீடு இருக்கிறது, ஆனாலும் இது கட்டப்பட்டபோது இதுதான் கடைசி, அதை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. வால்டர் உத்தரத்தை அளந்தார், தொழுவத்தை அளந்தார், என்னையும் சுவரோரம் நிறுத்தி நாடாவின் நுனியைப் பிடிக்க வைத்தார். பஸ் வந்து, எங்களைக் காணாமல், சொன்ன நிமிஷத்துக்குத் திரும்பிப் போனது.

அறைகளின் பெயர்களுக்கு வந்தோம். அக்கா அதற்குள் கைவலி என்று படிவத்தை வால்டரிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போயிருந்தார். போக வேண்டும் என்று அவர் வந்ததிலிருந்தே தவித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். கீழே மயர் விரல் விட்டுச் சொல்லிக்கொண்டே போக, வால்டர் எழுதினார். பால் அறை, ஆப்பிள் அறை, புகைபோடும் அறை. மாடியில் வலது பக்கம் தானிய அறை. மாடியில் இடது பக்கம்?

"கலா-ஸ்டூப்லெ" என்றார் மயர்.

ஸ்டூப்லெ என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் சின்ன அறை என்று மூன்று நாளில் நானே தெரிந்துகொண்டிருந்தேன். வால்டர் நிமிர்ந்தார். மயர் சொன்னதை அவர் தன் அரைகுறை ஆங்கிலத்தில் எனக்குச் சொன்னார். கலா குடும்பம் காலி செய்துகொண்டு போன பிறகு அந்த அறையில் யாரையும் குடிவைக்கவில்லையாம். லீனா அங்கே துணி தேய்ப்பாராம். கத்தரிக்கோல் எங்கே என்றால் கலா-ஸ்டூப்லெயில், குளிர்காலக் கோட்டு எங்கே என்றால் கலா-ஸ்டூப்லெயில். முப்பத்திரண்டு வருஷமாக அந்த அறைக்கு இந்த வீட்டில் வேறு பெயர் கிடையாது.

என் கண் நிறைந்துவிட்டது. ஆனால் வால்டரின் பேனா அசையவில்லை. என்ன ஐயா, எழுத வேண்டியதுதானே என்று கேட்டேன். அவருக்கு ஒரு விதி இருக்கிறதாம். ஒரு பெயர் புத்தகத்தில் ஏற வேண்டுமானால் இரண்டு பேர் வாயிலிருந்து வர வேண்டும். இதுதான் பெயரா என்று எடுத்துக்கொடுத்துக் கேட்கவும் கூடாது, தானாக விழ வேண்டும். இந்தப் பெயரைச் சொன்னது உலகத்திலேயே இரண்டு பேர்தான். அதில் ஒருவர் கல்லறையில் இருக்கிறார். விதியை மீறச் சொல்லி நான் பார்த்த பார்வைக்கு, அவர் வேதனையோடு தலையை ஆட்டினார். ஆறு காலி இருக்கையைப் பார்த்துவிட்டு நடந்து வந்த மனிதர் அல்லவா, வேறு எப்படி இருப்பார்.

வால்டர் எழுந்து மாடிப்படியின் அடியில் போய் நின்றார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, உத்தியோக தோரணையில் மேலே பார்த்துக் கேட்டார்.

"கலா அம்மா, இப்போது நீங்கள் எங்கே இருக்கிறீர்கள்?"

கீழே பேசியதெல்லாம் அந்த மரத் தரை வழியாக அவருக்குக் கேட்டிருக்கும். மயர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார். நாங்கள் மூன்று பேரும் மாடிப்படியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கலா-ஸ்டூப்லெக்குள்ளை" என்று பாதி ஜெர்மனும் பாதி யாழ்ப்பாணமுமாக, மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அக்காவின் குரல் இறங்கி வந்தது.

வால்டர் எழுதிக்கொண்டார்.